மேல்தட்டு, மேட்டுக்குடி, உயர்குடி: எந்தச் சொல்லை எங்கே எழுதுவது?

மெய்ப்புத்திருத்தி

வணக்கம். சமூக வரலாறு பற்றிய ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 'அப்பர் கிளாஸ்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. முதல் கட்டுரையில் 'மேல்தட்டு' என்று போட்டேன். இரண்டாவதில் அது ஒட்டவில்லை, 'உயர்குடி' என்று மாற்றினேன். பதிப்பாசிரியர் இரண்டையும் அடித்துவிட்டு எல்லா இடத்திலும் 'மேட்டுக்குடி' என்று எழுதி அனுப்பியிருக்கிறார்.

மூன்றும் ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை. 'மேட்டுக்குடி' என்றால் எழுதுபவருக்கு அவர்கள் மேல் கோபம் இருப்பது தெரிகிறது. 'உயர்குடி' என்றால் அவர்கள் உயர்ந்தவர்கள் என்பதை எழுதுபவரே ஒப்புக்கொள்கிறார். 'மேல்தட்டு' இரண்டிலும் சேராமல் நிற்கிறது, ஆனால் யாரைச் சொல்கிறது என்பதே மங்கலாகிவிடுகிறது. பணம் இருப்பவரையா, நிலம் இருப்பவரையா, சாதியில் மேலே வைக்கப்பட்டவரையா?

இந்தச் சொற்களோடு வாழ்ந்தவர்கள் சொல்லுங்கள். அகராதியைப் பார்த்துவிட்டேன், அது போதவில்லை.

சொல்வேர்

அக்கா, நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தமிழில் மேலே இருப்பவரைக் குறிக்கும் சொற்களில் பாதிக்கு மேல், அவர் எதை வைத்திருக்கிறார் என்பதிலிருந்து பிறந்தவை. 'கிழவன்' என்றால் இன்று வயதானவர். தொல்காப்பியத்தில் கிழவன் என்றால் உரிமை உடையவன், தலைவன். கிழத்தி என்றால் தலைவி. சங்கப் புலவர்களில் கோவூர் கிழார், அரிசில் கிழார் என்று வருகிறார்களே, அந்தக் 'கிழார்' முதுமையைச் சொல்லவில்லை, உரிமையைச் சொல்கிறது. அது இன்னும் உயிரோடு இருப்பது 'நிலக்கிழார்' என்ற ஒரு சொல்லில்தான்.

இப்போது 'ஜமீன்தார்' என்பதைப் பாருங்கள். பாரசீகத்தில் ஜமீன் என்றால் நிலம், தார் என்றால் வைத்திருப்பவர். நிலக்கிழார் என்பதும் ஜமீன்தார் என்பதும் ஒரே கட்டுமானம். 'மிராசுதார்' அதற்குப் பக்கத்து வீடு. மிராசு அரபுச் சொல், பரம்பரையாக வரும் உரிமை என்று பொருள். ஆகவே மிராசுதார் என்பவர் நிலத்தை வாங்கினவர் அல்ல, பிறப்பால் பெற்றவர் என்று அந்தப் பெயரே சொல்லிக்கொள்கிறது. தமிழில் அதற்குக் 'காணியாட்சி' என்று பழைய சொல் உண்டு. 'முதலாளி' முதலை, அதாவது மூலதனத்தை, ஆள்பவர். 'பண்ணையார்' பண்ணை உடையவர்.

'எஜமான்' மட்டும் வேறு வழியில் வந்தது. வடமொழி யஜமானன் என்பவர் வேள்விக்குச் செலவழித்து அதை நடத்துவிப்பவர். கூலி கொடுத்து வேலை வாங்குபவருக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தியது என்பதை யோசித்தால், சடங்கும் பணமும் ஒரே கையில் இருந்த காலம் தெரிகிறது.

பழுப்புப் பக்கம்

'சீமான்' சீமையிலிருந்து வந்ததுதானே? சீமைத் துணி, சீமை எண்ணெய் மாதிரி, வெளிநாட்டுப் பொருள் வாங்கும் வசதி உள்ளவர் சீமான் என்று எங்கள் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார்.

சொல்வேர்

இல்லை நண்பரே. இரண்டும் ஒலியில்தான் நெருக்கம். சீமை என்பது எல்லை, நாடு என்ற பொருளில் வந்து, பிற்பாடு இங்கிலாந்தைக் குறிக்கும் சொல்லானது. சீமான் என்பது 'ஸ்ரீமான்' தமிழில் தேய்ந்த வடிவம். ஸ்ரீ உடையவர், அதாவது திரு உடையவர். பெண்பாலுக்குச் சீமாட்டி.

இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 1967இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்த பிறகு அரசு வழக்கில் ஸ்ரீ, ஸ்ரீமதி போய்த் திரு, திருமதி வந்தன. இன்று அரசுக் கடிதங்களில் சாதாரண மக்கள் பெயருக்கு முன்னாலும் திரு இருக்கிறது. சீமான் என்று ஒரு சிலரை மட்டும் சொன்ன அதே பொருள், தமிழ் உடையில் வந்தபோது எல்லாருக்கும் பொதுவானது. ஒரு சொல் இப்படி இறங்கி வந்து மக்களோடு கலந்ததை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

கல்வெட்டு வாசகன்

வரலாற்றுப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன். சோழர் காலக் கல்வெட்டுகளில் அதிகாரிகளைப் பெருந்தரம், சிறுதரம் என்று பிரித்திருக்கிறார்கள். 'அரையன்', 'மூவேந்தவேளான்' என்ற பட்டங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். மன்னன் கொடுத்தது அது. இவர் மேலே இருக்கிறார் என்றால் யார் வைத்தார்கள் என்பதும் பட்டத்திலேயே தெரியும்.

இது பிற்காலத்திலும் மாறவில்லை. பாளையக்காரர்களின் எதிர்ப்பு 1801இல் ஒடுக்கப்பட்டது. 1802இல் மதராஸ் மாகாணத்துக்கு நிரந்தர நிலவரித் திட்டம் வந்தது. பணிந்துபோன பாளையங்கள் ஜமீன்களாயின. படை வைத்திருந்தவர் வரி கட்டுபவர் ஆனார், பெயரும் மாறியது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். ஆகவே, நம் ஊரில் 'ஜமீன்தார்' என்ற பதவி இருந்தது ஏறத்தாழ 150 ஆண்டு மட்டும்தான். ஆனால் பேச்சில் அது ஆயிரம் வருடப் பழமை மாதிரி ஒலிக்கிறது. 'ஜமீன் பரம்பரை' என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் இன்னும் உண்டு. பதவி போய் முக்கால் நூற்றாண்டு ஆனபின்னும் சொல் சம்பாதித்துக் கொடுக்கிறது.

ஒரு வேண்டுகோள்: 1802க்கு முந்தைய தமிழகத் தலைவர் யாரையும் ஜமீன்தார் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். பல புத்தகங்களில் அப்படி இருக்கிறது.

மெய்ப்புத்திருத்தி

நன்றி. மூன்றாவது கட்டுரை 1790களைப் பற்றியது. அதில் இரண்டு இடத்தில் ஜமீன்தார் என்று எழுதியிருக்கிறேன், இப்போதே திருத்துகிறேன்.

நான்காவது கட்டுரைதான் எனக்குப் பெரிய சிக்கல். அது கீழத்தஞ்சை பற்றியது. 1950, 60களில் நில உடைமையாளர்களுக்கும் கூலி விவசாயிகளுக்கும் நடந்த போராட்டம். ஆங்கிலத்தில் அங்கும் 'அப்பர் கிளாஸ்' என்றே இருக்கிறது.

களத்துமேடு

அக்கா, அந்த ஊர்ப் பக்கம்தான் நான். என் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் யாரும் மிராசுதார் என்று சொன்னதில்லை. அது அவர்கள் பத்திரத்தில் எழுதிக்கொண்ட சொல், தங்களுக்குள் பேசிக்கொண்ட சொல். எங்கள் தெருவில் அவர் 'ஆண்டை'. கூப்பிடும்போது 'ஆண்டே'. ஆள் என்ற வேரிலிருந்து வந்தது அது. ஆண்டவன் என்கிறோமே, அதே வேர். அவர் வீட்டு ஐந்து வயதுப் பையன் 'சின்ன ஆண்டே'. அந்தப் பையன் என் தாத்தாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். தாத்தாவுக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல். அண்ணன், மாமா, பெரியப்பா என்று ஊரெல்லாம் உறவு சொல்லி அழைக்கும் மொழியில், எங்களுக்கு மட்டும் உறவுச்சொல் கிடையாது. மேலே இருப்பவர்களுக்கு என்ன சொல் என்று கேட்கிறீர்கள். அவர்கள் வாயில் எங்களுக்கு என்ன சொல் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை முழுதாகும்.

1952இல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 'பண்ணையாள்' என்ற சொல் சட்டத்தின் பெயரிலேயே ஏறியது. அதற்கு முன் அந்தச் சொல்லுக்குக் கணக்குப்பிள்ளையின் நோட்டில்தான் இடம்.

அப்புறம் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25. கூலி உயர்வு கேட்ட தலித் கூலி விவசாயிகளின் தெருவில், ஒரு குடிசைக்குள் ஒதுங்கியவர்களை வைத்துத் தீ வைத்தார்கள். 44 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அப்போது நில உடைமையாளர்கள் வைத்திருந்த சங்கத்தின் பெயர் என்ன தெரியுமா? நெல் உற்பத்தியாளர் சங்கம். நாற்று நட்டவர், களை பறித்தவர், கதிர் அறுத்தவர் எல்லாம் எங்கள் ஆட்கள். உற்பத்தியாளர் என்ற பெயர் மட்டும் அவர்களுக்கு.

வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது, நில உடைமையாளர்கள் விடுதலையானார்கள். பெரும் நிலம் உள்ள பணக்காரர்கள், அவர்களில் ஒருவர் கார் வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருந்தது. 'பெரிய மனிதர்' என்ற சொல்லுக்கு எவ்வளவு பலம் என்று அங்கே தெரிந்தது. அவர் பெரிய மனிதர், ஆகவே அதைச் செய்திருக்க மாட்டார்.

அதனால்தான் கேட்கிறேன், அந்தக் கட்டுரையில் 'மேல்தட்டு' என்று எழுதாதீர்கள். தட்டு யாரையும் கொளுத்தாது. 'நிலவுடைமையாளர்' என்று எழுதுங்கள். எங்கே சாதி வருகிறதோ அங்கே சாதியைச் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் பேசுவதாக வரும் இடத்தில் 'ஆண்டை' என்றே இருக்கட்டும்.

மெய்ப்புத்திருத்தி

தம்பி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். மூலத்தில் கூலி விவசாயிகளின் வாக்குமூலங்கள் ஆங்கிலத்தில் 'மாஸ்டர்' என்று வருகின்றன. நான் அவற்றை 'எஜமான்' ஆக்கியிருந்தேன். அவர்கள் வாயில் இருந்தது ஆண்டை என்பதை நானாகவே யோசித்திருக்க வேண்டும்.

லயத்து விளக்கு

இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் சொல் 'துரை'. தெலுங்கு 'தொர'விலிருந்து வந்தது என்பார்கள். தோட்டத்து மேலாளர் பெரிய துரை, உதவி மேலாளர் சின்ன துரை. துரையின் மனைவி துரைசானி. அவர் இருப்பது பங்களா, நாங்கள் இருப்பது லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள்.

வெள்ளைக்காரர் காலத்தில் துரை என்றால் வெள்ளைக்காரர் என்றே பொருள். 1970களில் இலங்கை அரசு தோட்டங்களை எடுத்துக்கொண்டது, வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள். அந்த நாற்காலியில் சிங்களவர் வந்து உட்கார்ந்தார், சில இடத்தில் தமிழரும் வந்தார். எல்லாரும் துரைதான். தோல் நிறத்தைக் குறித்த சொல் நாற்காலியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. என் அம்மா இன்றைக்கும் 'மேனேஜர்' என்று சொல்ல மாட்டார்.

இன்னொன்று. 'முதலாளி' எங்கள் பக்கம் கடைக்காரருக்கும் சொல்வது. சின்னப் பெட்டிக்கடை வைத்திருந்தாலும் முதலாளிதான். சிங்களத்திலும் வியாபாரிக்கு இதே சொல் போயிருக்கிறது. அதே மாதிரி 'முதலியார்' தமிழ்நாட்டில் சாதிப் பட்டம். இங்கே காலனி ஆட்சியில் அது அரசாங்கப் பதவி, சிங்களவரும் முதலியார் ஆனார்கள். இலங்கை பற்றிய கட்டுரை ஏதும் தொகுப்பில் இருந்தால் கவனமாக இருங்கள் அக்கா. முதலியார் என்று கண்டவுடன் சாதி என்று அடிக்குறிப்பு போட்டுவிடக் கூடாது.

பழைய தோழர்

ஒரு அடிப்படைக் குழப்பத்தைத் தொடாமல் போகிறோம். 'கிளாஸ்' என்பதற்கே நம்மிடம் இரண்டு சொல் இருக்கிறது: வர்க்கம், வகுப்பு.

வர்க்கம் என்பதை இடதுசாரி இயக்கம் பொருளாதாரத்துக்கு என்று நிலைநிறுத்தியது. வர்க்கப் போராட்டம், நடுத்தர வர்க்கம், பாட்டாளி வர்க்கம். வகுப்பு என்பது அரசியலில் வேறு பாதையில் போனது. 1921இல் நீதிக்கட்சி அரசு கொண்டுவந்தது வகுப்புவாரி ஆணை. அங்கே வகுப்பு என்றால் சமூகம், சாதி, மதம். அரசியலமைப்பில் 'பேக்வர்டு கிளாஸஸ்' என்று இருப்பதைப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்கிறோம், ஆனால் பட்டியலைத் திறந்தால் சாதிப் பெயர்கள். 'முன்னேறிய வகுப்பினர்' என்பதும் அப்படியே. ஆகவே 'உயர் வகுப்பு' என்று எழுதினால் தமிழ் வாசகர் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சாதி என்றே படிப்பார். கட்டுரையாசிரியர் பணத்தைச் சொல்லியிருந்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

2019இல் 103ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தபோது இது எல்லாருக்கும் தெரிந்தது. வேறு ஒதுக்கீடு எதிலும் சேராத ஏழைகளுக்கு 10 சதவீத ஒதுக்கீடு, குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். 'முன்னேறிய வகுப்பில் நலிந்த பிரிவினர்' என்று பத்திரிகைகள் எழுதின. முன்னேறியவர், ஆனால் நலிந்தவர். முதல் சொல் சாதியைப் பேசுகிறது, இரண்டாவது சொல் பணத்தைப் பேசுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காதவருக்கு அந்தத் தொடரே புரியாது.

பூர்ஷ்வா பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சில் அது முதலில் நகரத்தில் வாழும் குடிமகனைக் குறித்தது. அங்கே அவனுக்கு மேலே பிரபுக்கள் இருந்தார்கள். தமிழில் அது நேராக உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டது. பிரெஞ்சுப் புரட்சி பற்றி எழுதும் இடத்தில் பூர்ஷ்வாவை மேட்டுக்குடி என்று போட்டால், யார் யாரை எதிர்த்தார்கள் என்பதே மாறிவிடும்.

'அதிகார வர்க்கம்' என்பதையும் தவிருங்கள். அது நம் வழக்கில் அரசு அலுவலர் கூட்டத்துக்குப் போய்விட்டது. 'ஆளும் வர்க்கம்' வேறு.

மாடித்தோட்டம்

நீங்கள் எல்லாரும் புத்தகச் சொற்களைப் பேசுகிறீர்கள். நான் சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவள். அங்கே இந்தச் சொற்களில் ஒன்றுகூடக் காதில் விழவில்லை. விழுந்தவை இரண்டு: 'டீசன்ட்', 'லோக்கல்'.

'இது டீசன்ட் ஏரியாம்மா.' 'டீசன்டான குடும்பத்துக்குத்தான் கொடுப்போம்.' 'அந்தப் பக்கம் போகாதீங்க, ரொம்ப லோக்கல்.' அப்புறம் நான் அசைவம் சாப்பிடுவேனா என்று கேட்பார்கள். சாப்பிடுவேன் என்றால் வீடு இல்லை. டீசன்ட் என்பதற்குள் என்ன இருந்தது என்று அப்போதுதான் புரியும். 'ஹை கிளாஸ் வெஜிடேரியன்', 'உயர்தர சைவ உணவகம்' என்று பலகை மாட்டியிருப்பதை நாம் தினமும் பார்த்துக்கொண்டே போகிறோம். 'உயர்தர' என்பதும் 'சைவ' என்பதும் எத்தனை இயல்பாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன பாருங்கள்.

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. மேல்தட்டு, மேட்டுக்குடி, பணக்காரர், பெரும்புள்ளி, பெரிய இடம் எல்லாமே அடுத்தவரைப் பற்றிச் சொல்பவை. 'நாங்கள் மேல்தட்டு' என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இரண்டு கார், மூன்று மனை இருப்பவரும் 'நாங்க நடுத்தரக் குடும்பம்தான்' என்பார். மிஞ்சிப்போனால் 'கடவுள் புண்ணியத்தில் கொஞ்சம் வசதி'. தங்களைச் சொல்ல அவர்கள் வைத்திருக்கும் சொல் 'நல்ல குடும்பம்', 'கௌரவமான குடும்பம்'. மணமகள் தேவை விளம்பரத்தில் பாருங்கள். பணம் என்று ஒரு சொல் இருக்காது, குணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

சொல்வேர்

மாடித்தோட்டம் சொன்ன கடைசி வரி முக்கியம். இடத்தைக் குறிக்கும் சொல் குணத்துக்குத் தாவுவது பழைய வழக்கம். 'மேன்மக்கள்', 'மேலோர்', 'பெரியோர்' எல்லாம் அப்படித்தான். உயரத்தில் இருப்பவர் என்றும் பொருள், உத்தமர் என்றும் பொருள். இந்தக் கலப்பை எதிர்த்த குரலும் பழையதுதான். 'மேலிருந்தும் மேலல்லார் மேலல்லர் கீழிருந்தும் கீழல்லார் கீழல் லவர்' என்கிறது குறள். இடம் வேறு, தன்மை வேறு என்று ஏழே சீரில் பிரித்துவிட்டார். கீழ்ப்பாலில் பிறந்தவன் கற்றால் மேற்பாலில் பிறந்தவனும் அவனிடம் வருவான் என்று புறநானூற்றில் ஒரு பாண்டியனே பாடியிருக்கிறான். சொன்னவன் அரசன் என்பதால் எனக்கு அந்தப் பாட்டு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

பழுப்புப் பக்கம்

அப்படியானால் 'மேல்' என்று தொடங்கும் எதையுமே எழுதக் கூடாதா? 'ஆதிக்க' என்று போடலாமே. ஆதிக்கச் சாதி, ஆதிக்க வர்க்கம்.

களத்துமேடு

இடம் பார்த்துப் போடலாம். 'மேல்சாதி' என்று எழுதினால் நான் கீழ்சாதி என்று எழுதுபவரே சொன்னதாக ஆகிறது. 'ஆதிக்கச் சாதி' என்றால் அவர்கள் செய்ததைச் சொல்கிறது. ஆனால் பணம் இருக்கிற எல்லாரையும் ஆதிக்கம் என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல்லும் கூர் மழுங்கிப்போகும். கடைத்தெருவில் நாலு கடை வைத்து உழைத்து மேலே வந்தவரை வசதியானவர் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

மெய்ப்புத்திருத்தி

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் உட்கார்ந்து மொத்தத்தையும் மாற்றிவிட்டேன். பதிப்பாசிரியரிடமும் பேசினேன். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் வேண்டும் என்பது அவர் கொள்கை, முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. களத்துமேடு எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகு சரி என்றார்.

முதல் கட்டுரை இங்கிலாந்தைப் பற்றியது. அங்கே பட்டமும் பிறப்பும்தான் விஷயம், ஆகவே 'பிரபுக்கள்'. கர்சன் பிரபு, மவுண்ட்பேட்டன் பிரபு என்று வாசகர்களுக்குப் பழகிய சொல். இரண்டாவதில் நகரத்துப் பணம், அங்கே 'செல்வந்தர்'. 1790கள் பற்றியதில் 'பாளையக்காரர்'. தஞ்சைக் கட்டுரையில் 'நிலவுடைமையாளர்', பத்திர மேற்கோள்களில் 'மிராசுதார்', வாக்குமூலங்களில் 'ஆண்டை'. கட்டுரையாசிரியர் உண்மையிலேயே எல்லாரையும் சேர்த்துப் பேசும் ஆறு இடங்களில் மட்டும் 'மேல்தட்டு' நிற்கிறது. 'உயர்குடி' ஓரிடத்தில்கூட இல்லை. 'மேட்டுக்குடி' ஒரே ஒரு முறை, ஆசிரியர் கோபமாக எழுதிய வரியில்.

களத்துமேடு

அக்கா, கடைசியில் பொருளடைவு போடுவீர்கள்தானே? அதில் ஆண்டை இருக்குமா?

மெய்ப்புத்திருத்தி

போட்டுவிட்டேன் தம்பி. ஆட்சியருக்குப் பின்னால், ஆதிக்கச் சாதிக்கு முன்னால். பதினொரு பக்க எண்கள் இருக்கின்றன.